பழைய பெயர் என்றால் முதலிடமா?

பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு

பழையது என்றால் எல்லாம் ஒன்றல்ல. அரிசி பழையதானால் சோறு ஒட்டாமல் உதிரியாக வரும். கடைக்காரரும் அதற்குக் கூடுதல் விலை கேட்பார். புளி பழையதானால் நிறம் கறுத்தாலும் குழம்பு ருசிக்கும் என்பர் நம் வீட்டுப் பாட்டிமார். ஆனால் காப்பித்தூள் பழையதானால் மணம் போய்விடுகிறது. தேங்காயெண்ணெய் பழையதானால் சிக்கு வாடை அடிக்கிறது. அப்படியானால் இணையதளத்தின் பெயர் எந்த வகையைச் சேர்ந்தது? அரிசியா, எண்ணெயா? கூகுளில் ஒன்றைத் தேடும்போது, பழைய பெயர் கொண்ட தளங்கள்தாம் முதலில் வருமா? புதிய பெயர் கொண்டவை பின்னால்தான் நிற்க வேண்டுமா?

இதையெல்லாம் பத்தாம் வகுப்பு மாணவியர் ஏன் ஆராய வேண்டும் என்று பெற்றோர் சிலர் கேட்கக்கூடும். காரணம் உண்டு; அது பணம் சம்பந்தப்பட்டது. நம் தோழி ஒருத்தியின் தாயார் வீட்டிலேயே தையல் நிலையம் நடத்துகிறார். ரவிக்கையில் ஆரி வேலை செய்து தருவதில் கைதேர்ந்தவர். அண்மையில் அவர் தம் நிலையத்துக்கு ஓர் இணையதளம் வைத்தார். நான்கு மாதமாகியும் தேடலில் அது முன்னே வரவில்லை. அப்போது இத்தொழில் செய்யும் ஒருவர் வந்து, “அம்மா, உங்கள் பெயர் நேற்றுப் பிறந்த குழந்தை. கூகுள் அதை மதிக்காது. என்னிடம் 12 வயதான பெயர் ஒன்று இருக்கிறது. 40,000 ரூபாய் கொடுத்தால் உங்களுக்கே தந்துவிடுகிறேன்” என்றாராம். நாற்பதாயிரம் ரூபாய் என்பது ஒரு தையல் நிலையத்துக்குச் சிறு தொகையா? ஆகவேதான் அவர் சொன்னது மெய்யா பொய்யா என்று பார்க்கத் துணிந்தோம்.

முதலில், பெயர் என்பது யாது? இணையத்தோடு இணைந்த ஒவ்வொரு கணினிக்கும் தொலைபேசி எண்ணைப் போல ஒரு நீண்ட எண் உண்டு. அவ்வளவு எண்களையும் மனிதர் நினைவில் வைத்துக்கொள்ள இயலுமா? அதனால் 1983ஆம் ஆண்டில் அமெரிக்கரான பால் மொக்கபெட்ரிஸ் என்பவர், பெயரைச் சொன்னால் அதற்குரிய எண்ணைத் தேடித் தரும் ஓர் ஏற்பாட்டை வகுத்தார். அந்தப் பெயரைத்தான் டொமைன் என்கிறோம். ‘டாட் காம்’ என முடியும் பெயர்களுள் முதலாவது 1985 மார்ச் 15 அன்று பதிவாயிற்று. சிம்பாலிக்ஸ் என்னும் அமெரிக்கக் கணினி நிறுவனத்தின் பெயர் அது.

இந்தப் பெயரை எவரும் ஒரேயடியாக விலைக்கு வாங்கிவிட முடியாது என்பது நம்மில் பலருக்குத் தெரியாத செய்தி. அது வாடகை வீடு போன்றது. ஆண்டுதோறும் கட்டணம் கட்ட வேண்டும். ‘டாட் காம்’ பெயருக்கு ஒரே தடவையில் அதிகமாகப் போனால் 10 ஆண்டுக்குக் கட்டலாம். ‘டாட் இன்’ என முடியும் நம் நாட்டுப் பெயர்களை நிக்ஸி என்னும் அமைப்பு மேற்பார்வை செய்கிறது. கட்டணம் கட்டத் தவறினால் வீடு காலி. பிறகு யார் வேண்டுமானாலும் அதில் குடியேறலாம். இதை மறவாதிருங்கள், பின்னால் தேவைப்படும்.

இனி, தேடல் எப்படி நடக்கிறது என்பதைப் பார்ப்போம். நாம் ஒரு சொல்லைத் தட்டியவுடன் கூகுள் உலகமெங்கும் ஓடித் தேடுவதாக நினைக்கிறோம். அப்படியன்று. அதன் கணினிகள் இரவு பகலாகத் தளம் தளமாகச் சென்று, கண்ட பக்கங்களையெல்லாம் முன்கூட்டியே குறித்து வைத்திருக்கின்றன. நம் பாடப் புத்தகங்கள் சிலவற்றின் கடைசியில் எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று அகரவரிசையில் ஒரு பட்டியல் இருக்குமல்லவா? அதைப் போல ஒரு பெரும் பட்டியல். நாம் கேட்கும்போது அந்தப் பட்டியலைப் புரட்டி விடை தருகிறது. ஒரு கேள்விக்குப் பல இலட்சம் பக்கங்கள் பொருந்தும். அவற்றுள் எதை முதலில் காட்டுவது என்பதில்தான் வித்தையே இருக்கிறது.

1998ஆம் ஆண்டில், ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மாணவர்களாயிருந்த லாரி பேஜ், செர்ஜி பிரின் என்னும் இருவர் இதற்கு ஒரு வழியை ஆராய்ச்சிக் கட்டுரையாக வெளியிட்டனர். ஒரு பக்கத்தை மற்றப் பக்கங்கள் எத்தனை சுட்டிக் காட்டுகின்றன, சுட்டிக் காட்டுகிறவை எத்தகையவை என்று கணக்கிடும் வழி அது. புதிதாக ஓர் ஊருக்குக் குடிவந்தால் நல்ல மருத்துவர் யார் என்று நாலு பேரிடம் கேட்போம். பலரும் ஒருவரையே சொன்னால் நம்புவோம். அதிலும் ஒரு செவிலியர் சொன்னால் இன்னும் அதிகமாக நம்புவோம். இதே முறைதான். இன்றைக்குக் கூகுள் பார்ப்பது இது ஒன்றை மட்டுமல்ல. கேட்ட கேள்விக்குப் பக்கம் விடை சொல்கிறதா, கேட்பவர் எந்த ஊரில் இருக்கிறார், பக்கம் கைப்பேசியில் ஒழுங்காகத் திறக்கிறதா என எத்தனையோ பார்க்கிறது.

இந்த முறையில் ஆண்டுக் கணக்கு எங்கே வருகிறது? நேராக வரவில்லை. சுற்றுவழியாக வருகிறது. பல ஆண்டு நல்ல முறையில் நடந்த தளத்தைப் பலர் அறிந்திருப்பர். அறிந்தவர் பிறருக்குச் சுட்டிக் காட்டியிருப்பர். ஆகவே பழைய தளத்துக்குச் சிபாரிசு சேர்ந்திருக்கும். முதலிடத்தைத் தந்தது அந்தச் சிபாரிசு; வயது அதைச் சேர்க்க அவகாசம் தந்தது, அவ்வளவே.

வயதுதான் முதலிடம் தரும் என்போர்க்குச் சில கேள்விகள். ‘டாட் காம்’ பெயர்களுள் மூத்தது சிம்பாலிக்ஸ் என்று கண்டோம். அந்தப் பெயர் 2009ஆம் ஆண்டில் வேறு ஒருவர் கைக்கு மாறியது. கணினி வாங்க வேண்டும் என்று யாராவது தேடிப் பார்க்கட்டும். ‘டாட் காம்’ பெயர்களுள் மூத்த அந்தப் பெயரா முதலில் வந்து நிற்கிறது? யாகூ பெயர் 1995 ஜனவரியில் பதிவாயிற்று. கூகுள் பெயர் 1997 செப்டம்பர் 15 அன்றுதான் பதிவாயிற்று. இளையது மூத்ததை முந்திவிட்டது. 1995 டிசம்பரில் தொடங்கிய ஆல்டாவிஸ்டா என்னும் தேடல் தளம் ஒரு காலத்தில் கொடிகட்டிப் பறந்தது. 2013 ஜூலையில் அது மூடப்பட்டது.

இவற்றிலும் நமக்குப் பிடித்த சான்று கலைக்களஞ்சியம்தான். பிரிட்டானிக்கா 1768ஆம் ஆண்டில் எடின்பரோ நகரில் வெளிவரத் தொடங்கியது. இணையத்திலும் அது 1994லேயே வந்துவிட்டது. விக்கிப்பீடியாவோ 2001 ஜனவரி 15 அன்றுதான் பிறந்தது. தமிழ் விக்கிப்பீடியா 2003இல் தொடங்கியது. இன்று ஒரு மலையையோ, விஞ்ஞானியையோ, நாட்டையோ தேடினால் பெரும்பாலும் எது மேலே வருகிறது என்பதை நாம் அனைவரும் அறிவோம். நம்முள் பலர் செயல்திட்டக் கட்டுரை எழுதுவதே அதைப் பார்த்துத்தானே! (ஆசிரியைகள் இந்த வரியை மன்னிப்பார்களாக.) விக்கிப்பீடியாவில் எழுதியிருப்பதெல்லாம் பிரிட்டானிக்காவைவிடச் சரி என்பதல்ல நாம் சொல்ல வருவது. வயதில் குறைந்தது முன்னே வர முடிகிறது என்பதே.

அப்படியானால் இந்த நம்பிக்கை எங்கிருந்து முளைத்தது? நெருப்பில்லாமல் புகையுமா? சிறு நெருப்பு இருக்கத்தான் இருக்கிறது. 2003 டிசம்பரில் கூகுள் நிறுவனத்தார் ஒரு காப்புரிமைக்கு விண்ணப்பித்தனர். 2005 மார்ச்சில் அது வெளியாயிற்று. ஒரு பக்கம் முதன்முதலில் எப்போது கண்ணில் பட்டது, அதற்குரிய சிபாரிசுகள் எவ்வளவு வேகமாக வளர்ந்தன என்பன போன்ற பழைய விவரங்களைக் கொண்டும் பக்கங்களை மதிப்பிடலாம் என்று அதில் எழுதியிருந்தனர். நல்ல தளங்களை நடத்துவோர் பெயருக்குப் பல ஆண்டுக் கட்டணத்தை முன்பணமாகக் கட்டுவர், ஏமாற்றுக்காரரோ ஓராண்டுக்கு மேல் கட்டமாட்டார் என்ற கருத்தும் அதில் இருந்தது. அவ்வளவுதான், பத்தாண்டுக்குப் பணம் கட்டினால் முதலிடம் வரும் என்று ஊரெல்லாம் பேச்சாகிவிட்டது. காப்புரிமை விண்ணப்பத்தில் எழுதியதெல்லாம் நடைமுறையில் இருக்கும் என்று யார் சொன்னது? ஒருவர் தம் தோட்டத்தில் கிணறு வெட்டலாம் என்று எழுதி வைத்தால், தண்ணீர் வந்துவிட்டது என்று பொருளாகுமா?

அதே காலத்தில், புதிய தளங்களைக் கூகுள் சில மாதம் ஒதுக்கி வைக்கிறது என்ற பேச்சும் தளம் நடத்துவோரிடையே பரவியது. கூகுளில் குப்பைத் தளங்களைத் தடுக்கும் குழுவுக்குத் தலைவராயிருந்த மாட் கட்ஸ் என்பவர் 2010இல் இதற்கு விளக்கம் தந்தார். ஆறு மாதப் பெயருக்கும் ஓராண்டுப் பெயருக்கும் பெரிய வேற்றுமை இல்லை; முதல் இரண்டொரு மாதம் கழிந்தால் போதும்; பக்கத்தின் தரமும் சிபாரிசுமே முக்கியம் என்பது அவர் சொன்னதன் சாரம். 2019இல் அதே நிறுவனத்தைச் சேர்ந்த ஜான் மியூல்லர், பெயரின் வயதால் ஒரு பயனும் இல்லை என்றே பட்டவர்த்தனமாகச் சொல்லிவிட்டார்.

இத்துடன் கதை முடியவில்லை. 2024 மே மாதத்தில் கூகுளின் உள்விவரக் குறிப்புகள் சில ஆயிரம் பக்க அளவில் வெளியே கசிந்தன. அவற்றுள் தளத்தின் வயதைக் குறிக்கும் ஓர் இடமும் இருந்தது. புத்தம்புதிய குப்பைத் தளங்களைத் தனியே நிறுத்தி வைக்க அது பயன்படுவதாக அங்கே குறிப்பு. இதைக் கண்டதும், “பார்த்தீர்களா, அவர்கள் சொன்னது பொய்!” என்று பலர் குதித்தனர். அந்தக் குறிப்புகள் தம்முடையவைதாம் என்று ஒப்புக்கொண்ட கூகுள், முழு விவரம் அறியாமல் முடிவு கட்ட வேண்டாம் என்றது. குறிப்பைக் கூர்ந்து படித்தால், அங்கும் பெயரைப் பதிவு செய்த தேதி பேசப்படவில்லை. அத்தளத்தின் பக்கம் கூகுளின் கண்ணில் முதலில் பட்ட நாளே பேசப்படுகிறது. பூட்டிக் கிடந்த வீட்டுக்கு வயது இல்லை, குடித்தனம் நடந்த வீட்டுக்கே வயது என்பதைப் போல.

இதை நாம் இப்படிப் புரிந்துகொள்கிறோம். தெருவுக்குப் புதிதாகக் குடிவந்தவருக்கு மளிகைக் கடை அண்ணாச்சி முதல் மாதம் கடன் கொடுக்கமாட்டார். கொஞ்சம் பார்ப்பார். இரண்டு மூன்று மாதம் ஒழுங்காகப் பணம் கொடுத்து வாங்கினால், பிறகு நோட்டில் எழுதத் தொடங்குவார். ஆனால் 20 ஆண்டாக அத்தெருவில் இருக்கிறார் என்பதற்காக ஒருவருக்கு 10 ஆண்டுக்காரரைப் போல் இரண்டு மடங்கு கடன் தருவாரா? தரமாட்டார். இருபது ஆண்டும் பாக்கி வைத்தவராயிருந்தால் கடைப் படியேற விடுவாரா என்பதே சந்தேகம்!

புள்ளிவிவரம் கேட்பவர்களுக்காக ஒன்று. ஆரெஃப்ஸ் என்னும் நிறுவனம் 2017ஆம் ஆண்டில் 20 இலட்சம் பக்கங்களை ஆராய்ந்தது. வெளியான ஓராண்டுக்குள் ஒரு தேடல் சொல்லுக்கேனும் முதல் பத்து இடத்துக்குள் வந்தவை 100க்கு 5.7 பக்கங்கள்தாம். பழைய பெயரை விற்பவர்கள் இந்த எண்ணைத்தான் நீட்டுவார்கள். ஆனால் இது பக்கத்தின் வயது, பெயரின் வயதன்று. மேலும், மேலே இருக்கும் பழையவற்றை மட்டும் பார்த்து முடிவு செய்யலாமா? நம் பழைய மாணவியர் சங்க விழாவுக்கு மருத்துவர்களும் பேராசிரியைகளும் வங்கி அதிகாரிகளும் வருகிறார்கள். அவர்களைப் பார்த்து, இங்கே படித்த அனைவருமே பெரிய பதவியில் இருக்கிறார்கள் என்று சொன்னால் சரியாகுமா? வராதவர்களை நாம் எண்ணவில்லையே. கவனிப்பாரற்று மூடிப்போன பழைய தளங்கள் எத்தனையோ. அவை தேடலில் வருவதே இல்லை. அதனால் நம் கணக்கிலும் வருவதில்லை.

ஆக, தோழியின் தாயாருக்கு நாம் சொல்ல முடிந்தது என்ன? பெயருக்கு 40,000 ரூபாய் வேண்டாம். செய்த ஆரி வேலைகளை நல்ல வெளிச்சத்தில் படமெடுத்து, ஒவ்வொன்றுக்கும் எத்தனை நாள் ஆகும், கூலி எவ்வளவு, எந்தத் துணிக்கு எந்த வேலை பொருந்தும் என்று தமிழில் விளக்கமாக எழுதலாம். கடை இருக்கும் இடத்தைக் கூகுள் வரைபடத்தில் பதிந்து வைக்கலாம். அதற்குக் கட்டணமே இல்லை. துணி எடுக்கும் கடைக்காரர்கள் தங்கள் தளத்தில் இவரைக் குறிப்பிட்டால் அதுவும் ஒரு சிபாரிசு. அவர் முதலில் எழுதியது ஜன்னல் வைத்த ரவிக்கைக்கு அளவு எடுப்பது எப்படி என்பது. அதைப் படித்த நமக்கே ஒன்று தைத்துக்கொள்ள ஆசை வந்தது.

அந்த 12 வயதுப் பெயரை வாங்கியிருந்தால் வீண் செலவோடு போயிருக்குமா? அதுவும் இல்லை. 2024 மார்ச்சில் கூகுள் தன் விதிகளில் ஒன்றைச் சேர்த்தது. காலாவதியான பழைய பெயரை வாங்கி, அதன் பழைய மதிப்பைக் காட்டித் தேடலில் முன்னேறுவதற்காகவே பயனற்ற பக்கங்களை ஏற்றுவது குற்றம் என்பது அந்த விதி. அப்படிச் செய்தால் தளம் பின்னுக்குத் தள்ளப்படலாம், தேடலிலிருந்தே நீக்கவும்படலாம். உண்மையான தொழிலுக்காகப் பழைய பெயரை வாங்குவதில் தவறில்லை என்றும் கூகுள் சொல்கிறது. ஆனால் முன்பு அந்த வீட்டில் குடியிருந்தவர் என்ன செய்து வைத்தார் என்பது புதிதாக வருபவருக்குத் தெரிய வேண்டாமா?

அந்த விதிக்குக் கூகுள் தரும் எடுத்துக்காட்டுகளுள் ஒன்றைப் படித்தபோது நாம் சற்றுத் திகைத்துப் போனோம். முன்பு ஒரு தொடக்கப் பள்ளிக்கு உரியதாயிருந்த தளத்தில் சூதாட்டப் பக்கங்களை ஏற்றுவது! யோசித்துப் பாருங்கள். ஒரு பள்ளி தன் பெயருக்குக் கட்டணம் கட்ட மறந்துவிடுகிறது. ‘டாட் காம்’ பெயரானால், பதிவு செய்து தரும் நிறுவனத்தைப் பொறுத்து 45 நாள் வரை அவகாசம் கிடைக்கலாம். அதன்பின் 30 நாள் அபராதத்துடன் மீட்கலாம். இன்னும் 5 நாள் கழிந்தால் பெயர் சந்தைக்கு வந்துவிடும். பள்ளிப் பெயரைக் கல்வி அலுவலகத் தளமும் செய்தித்தாள்களும் பழைய மாணவியரும் சுட்டிக் காட்டியிருப்பார்கள். அந்தச் சிபாரிசுக்காகவே ஒருவன் அதை எடுத்துச் சூதாட்டம் நடத்துகிறான். நாட்குறிப்பேட்டில் அச்சடித்த முகவரியைப் பார்த்து ஆறாம் வகுப்புக் குழந்தை தட்டினால் என்ன திறக்கும்?

பெரிய நிறுவனங்களே மறந்திருக்கின்றன. 1999 கிறிஸ்துமஸ் சமயத்தில் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் தன் பெயர் ஒன்றுக்குப் பணம் கட்ட மறந்துவிட்டது. ஹாட்மெயில் வைத்திருந்தோர் பலர் உள்ளே நுழைய முடியாமல் தவித்தனர். கடைசியில் வெளியாள் ஒருவர் தம் கையிலிருந்து 35 டாலர் கட்டி உதவினார். 2015 செப்டம்பரில் கூகுளின் முன்னாள் ஊழியர் ஒருவர், கூகுளின் சொந்தப் பெயரையே 12 டாலருக்கு வாங்க முடிந்தது. ஒரு நிமிடம் மட்டுமே அது அவர் கையில் இருந்தது! நிறுவனம் அவருக்கு 6,006 டாலர் 13 சென்ட் பரிசளித்தது. இந்த எண்களைப் பார்த்தால் ஆங்கிலத்தில் கூகுள் என்று எழுதியது போலவே இருக்கும், எழுதிப் பாருங்கள். அவர் அதைத் தொண்டு நிறுவனத்துக்குக் கொடுத்துவிட்டார் என்றறிந்து தொகையை இரட்டிப்பாக்கினார்கள்.

ஆகவே பள்ளிக்குப் பெயரின் வயது வேறு விதத்தில் முக்கியமாகிறது. அதைக் கைமாறாமல் காக்க வேண்டியிருக்கிறது. பெயர் யார் பேரில் பதிவாகியிருக்கிறது என்பதே முதல் கேள்வி. நாம் அறிந்த ஒரு பள்ளியில், தளம் செய்து கொடுத்தவர் பெயரைத் தம் பேரிலேயே பதிந்துகொண்டார். மூன்றாண்டு கழித்துக் கேட்டபோது அதைத் தருவதற்குத் தனிப் பணம் கேட்டார். வேறு வழியின்றி அவர்கள் புதிய பெயர் வாங்கினார்கள். அச்சடித்த படிவங்களையெல்லாம் மாற்றினார்கள்.

ஒரு பெயர் எப்போது பதிவாயிற்று, எப்போது முடிகிறது என்பதை ஐகான் என்னும் அமைப்பின் தளத்தில் எவரும் கட்டணமின்றிப் பார்க்கலாம். அந்தப் பெயரில் முன்பு என்ன இருந்தது என்பதை அறிய, 1996இல் தொடங்கிய இன்டர்நெட் ஆர்க்கைவ் என்னும் இணைய ஆவணக் காப்பகம் இருக்கிறது. பழைய பக்கங்களை ஆண்டுவாரியாகச் சேர்த்து வைத்திருக்கிறார்கள். 40,000 ரூபாய் கேட்ட பெயரை நாம் அதில் தட்டிப் பார்த்தோம். ஆறாண்டுக்கு முன் அது ஒரு மாத்திரை விற்கும் தளமாக இருந்திருக்கிறது. அதற்கும் முன் ஒரு வெளிநாட்டுச் சாக்கடை சுத்தம் செய்யும் நிறுவனமாம்.

பிறகு நம் பள்ளிப் பெயரையும் பார்த்தோம். அது பள்ளியின் பேரிலேயே இருக்கிறது. வரும் ஜூன் மாதம் கட்டணம் கட்ட வேண்டும். நினைவூட்டும் கடிதம் மட்டும் இரண்டாண்டுக்கு முன் ஓய்வு பெற்ற எழுத்தரின் மின்னஞ்சலுக்குப் போய்க்கொண்டிருந்தது. தலைமையாசிரியைச் சிஸ்டரிடம் சொன்னோம். அன்று மாலையே அதை அலுவலக முகவரிக்கு மாற்றச் செய்து, ஐந்தாண்டுக் கட்டணத்துக்கும் எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.